பின்பக்கம் வராதவர்கள்

கிள்ளானில் இருந்த அந்தக் கிளினிக்கில், ஹெராயினை விட முயல்பவர்களுக்குத் தினமும் காலையில் மெத்தடோன் மருந்து கொடுத்தார்கள். பின்பக்கத் தாழ்வாரத்தில் வரிசை பிடித்து நின்றவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

"பொம்பளைங்களுக்கு இந்தப் பழக்கம் கம்மி லா," என்றார் டாக்டர் குகன். வருகிறவர்களிடம் முகம் சுளிக்காத நல்ல மனிதர். ஆனாலும், பெண்கள் ஏன் வருவதில்லை என்று கேட்ட விஷ்ணுப்ரியாவுக்கு அந்தப் பதில் ஒட்டவில்லை. சிகிச்சை யாரை எட்டுகிறது, யாரை எட்டவில்லை என்று ஆராய்வதுதான் பல்கலைக்கழகத்தில் அவள் வேலை. வராதவர்களைப் பற்றி வந்தவர்களிடம் கேட்டு என்ன தெரியப்போகிறது?

தேடி அலைந்ததில் பிரிக்பீல்ட்ஸில் தாமரையைக் கண்டாள். தையல் கடையில் ரவிக்கை வெட்டுபவள். கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். ஹெராயினைப் பழக்கிவிட்ட கணவன் சிறைக்குப் போய்விட்டான். பழக்கம் இவளோடு தங்கிவிட்டது.

"கிளினிக்குக்குப் போனதே இல்லையாக்கா?"

"போகாம என்ன, பல தடவ போனேன். பாதியிலயே திரும்பிருவேன். வேலைக்கு லேட்டாயிடும், மிஸ்." சொல்லிவிட்டுத் தாமரை கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். "இல்ல, அது இல்ல. லீவு நாள்லயும் திரும்பிட்டேன். ஏன்னு எனக்கே தெரியல."

"ஒரு நாளைக்கு நாம சேந்து போவோமா? நீங்க எப்பவும் போற மாதிரி போங்க. நான் பின்னாலயே வரேன். உள்ள போயே ஆகணும்னு இல்ல."

தாமரைக்குச் சிரிப்பு வந்தது. "என் காலு எங்க நிக்குதுன்னு பாக்கவா?"

"ஆமாக்கா. ரெண்டு பேருமே பாப்போம்."

கிளினிக் வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகாவைக் கண்டுதான் தயங்குகிறாள் என்று விஷ்ணுப்ரியா நினைத்திருந்தாள். அது தப்புக் கணக்கு. "மெத்தடோனா? பெலாகாங்," என்று அவர் மலாயில் சொல்லிச் சாதாரணமாகப் பின்பக்கத்தைக் கைகாட்ட, தாமரை தன் பாட்டுக்கு நடந்தாள். தாழ்வாரம் திரும்பும் முனையில் சட்டென்று நின்றாள்.

"இங்கதான், மிஸ்."

"அந்த ஆம்பளைங்கள பாத்தா?"

"அவங்க என்ன பண்ணாங்க, பாவம். எதிர்ப்பக்கம் பாருங்க."

எதிரே நீள பெஞ்சில், தடுப்பூசிக்காகக் குழந்தைகளோடு தாய்மார்கள் காத்திருந்தார்கள். மருந்து வாங்க நிற்பவர் யாரானாலும் அவர்கள் கண்ணுக்குத் தப்ப முடியாது.

"அதுல ஒருத்தி எங்க ஃப்ளாட்காரியா இருந்தா போதும். பொழுது சாயறதுக்குள்ள மாமியார் காதுக்குப் போயிடும். பிள்ளைய என்கிட்டேருந்து பிரிச்சிருவாங்க." தன் குரலைக் கேட்டுத் தானே திகைத்தவளாய் நின்றாள். "இத வாய்விட்டு இப்பதான் சொல்றேன்."

மாதக்கணக்காக அந்த வழியே போய்வந்தவள் விஷ்ணுப்ரியா. அந்த முனையில் ஒரு நாளும் நின்றதில்லை.

விஷயத்தைக் கேட்டதும், "மருந்துக்கு வர்ற இடத்துல அதெல்லாம் பாக்க முடியுமா?" என்றார் குகன். பிறகு எழுந்துபோய் அந்த முனையில் நெடுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது. "இனிப்புநீர்காரங்களுக்கு இன்சுலின் ஊசி போடச் சொல்லித் தர்ற ரூம், காலையில சும்மாதான கெடக்கு?"

அப்படித்தான், பின்பக்கம் வரத் தயங்கும் பெண்களுக்கு மருந்தகத்தை ஒட்டிய அந்த அறையில் ஏற்பாடாயிற்று. எல்லோருக்கும் தரும் அதே நம்பர் சீட்டு. கூப்பிட்டதும் உள்ளே போய்க் குடித்துவிட்டு வரலாம். மெத்தடோன் என்று யாரும் சத்தமாகச் சொல்லக் கூடாது.

முதலில் யாருமே வரவில்லை. "நான்தான் சொன்னேனே," என்று குகன் கிண்டல் செய்தார். பிறகு ஒரு காலையில், கைப்பையை மார்போடு அணைத்தபடி நரைத்த தலை அம்மாள் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். அந்த வயதில் ஒருவர் வருவார் என்று யாருமே எண்ணியிருக்கவில்லை. குகன் கிண்டலை விட்டார். இன்னும் சிலர் வந்த பிறகே தாமரை வந்தாள்.

தீபாவளித் தையல் தலைக்கு மேல் கிடந்தபோதும் அவள் தவறாமல் வந்தாள். ஒரு நாள் மருந்தைக் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, விஷ்ணுப்ரியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும், மிஸ். இங்க வர்றது எல்லாம் என் வயசு, அதுக்கும் மேல. சின்னப் பொண்ணுங்க யாரும் வரலையே, ஏன்?"

"தெரியலக்கா," என்றாள் விஷ்ணுப்ரியா. இருவரும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். தாமரை அன்று தன் ரயிலைத் தவறவிட்டாள்.