திட்டினால் பூக்கும் கொடி

நூலகர் வீட்டுக் கொடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தால் ஒன்றும் ஆகாது; திட்ட மறந்தால் மூன்றாம் நாளே வாடிவிடும். தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்கிற அதே குரலில். கொடியை நட்டவர் நூலகரின் மனைவி. நூற்பாலையில் மேஸ்திரி வேலை. இயந்திர இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை என்பதால், வீட்டில் அவர் உப்பு எங்கே என்று கேட்டால் நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் தங்கள் அடுக்களையில் உப்பைத் தேடுவார்கள். தெருவுக்கே அவர் மேஸ்திரியம்மா. நூலகரோ முப்பது வருஷம் உதட்டில் விரல் வைத்தே சம்பளம் வாங்கியவர். இவர்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று ஆரம்பத்தில் ஆச்சரியப்பட்டவர்கள், ஒருவர் பேச ஒருவர் கேட்க என்று கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று பிறகு விட்டுவிட்டார்கள்.

செடி விற்பவர் அந்தக் கொடியைச் சும்மா கொடுத்திருந்தார். அடுக்களைச் சுவரோரம் நட்டு இரண்டு மாதமாகியும் ஓர் இலை கூடவில்லை. ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பிய மேஸ்திரியம்மா அதன் முன்னால் நின்று, “வந்த அன்னிக்கு இருந்த மாதிரியே குத்துக்கல்லாட்டம் நிக்கிறியே, வெக்கமா இல்ல? ஓசில வந்த புத்தியக் காட்டுறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் திரும்பியபோது கொடி ஜன்னலை எட்டியிருந்தது. வெளிச்சத்தை மறைக்கிறாயா என்று அதற்கும் திட்டினார். மறுநாள் கூரையில் இருந்தது. ஓட்டைப் பெயர்த்துவிடுவாயா என்று போட்ட சத்தத்தில் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. வெறும் முணுமுணுப்புக்கு இலை, வாய்விட்ட திட்டுக்குப் பூ, வம்சத்தை இழுத்துத் திட்டினால் இரட்டை நிறப் பூ என்று ஒரு வாரத்தில் தெளிவாகிவிட்டது. வேளாண்மை அதிகாரி ஒருவர் வந்து நான்கு நாள் தங்கிப் பார்த்து, ‘உரம்: வசவு. அளவு: தினம் ஒரு வேளை’ என்று எழுதி முத்திரை குத்திக் கொண்டுபோனார். ஆலையில் தகராறு நடந்த நாட்களில் கொடி சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டு ஆட்டோவின் மேலும் பூத்தது. ஆட்டோக்காரர் குறை சொல்ல வந்து, அவரும் நன்றாக வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமே கல்யாண சவாரிகளுக்கு அலங்காரச் செலவு மிச்சம் என்று சமாதானமாகிவிட்டார்.

பதினெட்டு வருஷம் இப்படிப் போயிற்று. பத்தொன்பதாம் வருஷம் மேஸ்திரியம்மாவின் தொண்டையில் கட்டி என்று அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. அவர் வீட்டுக்கு வந்தபோது கொடியின் இலைகள் சுருண்டிருந்தன. அந்த அம்மாள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வந்தது. ஒரு தாளில், ‘அதை வெட்டிடுங்க. பாக்க முடியல’ என்று எழுதி நீட்டினார். நூலகர் ஒரு மாதம் தவணை கேட்டார். இரண்டில் ஒன்று பட்டுப்போனால் மற்றதும் போய்விடும் என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தை வெளியே சொல்ல அவருக்கு வாயில்லை.

அவர் திட்டிப் பார்த்தார். “தயவுசெஞ்சு கொஞ்சம் பூக்கலாமே” என்றார். மூன்று இலை உதிர்ந்தது. நூலகத்தில் உட்கார்ந்து வசைச் சொற்களை அகர வரிசையில் அட்டைகளில் எழுதிவந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கொடி கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். கடைசியில் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு அரை மணி நேரம் திட்டியதில் எதிர்வீட்டில் ஜன்னல்களை அடைத்தார்கள். கொடி, மரியாதைக்கு என்று ஒரே ஓர் இலை விட்டது. “எனக்கு அது மேல கோவமே இல்லியே சார், எப்படி வரும்?” என்று அவர் வருத்தத்தோடு போனார்.

தவணை முடிந்த காலையில் நூலகர் எழுந்து பார்த்தபோது மேஸ்திரியம்மா ரம்பத்தோடு கொடியின் அடித்தண்டில் குனிந்திருந்தார். மேஜையில் முந்தின நாள் சாப்பாடு அப்படியே ஈ மொய்த்துக் கிடந்தது. நூலகர் பழக்கதோஷத்தில் முதலில் உதட்டில் விரல் வைத்தார். பிறகு விரலை எடுத்தார்.

“ஏன்டி, கீழ போடுடி அத! யாரக் கேட்டு வெட்டுற? தொண்டையிலதான கத்தி வெச்சாங்க, வாழவேணாம்னா சொன்னாங்க? சாப்பிடாமக் கெடந்து செத்துட்டா நான் யாரு வாயப் பாத்துட்டு உக்காந்திருக்கறது? தடிமாடு மாதிரி ஒருத்தன் நிக்கிறேன், உன் கண்ணுக்குத் தெரியல?” கொடியின் பக்கம் திரும்பினார். “நீ என்ன வேடிக்க பாக்குற, தண்டம்? பதினெட்டு வருஷம் அவ தொண்டையத் தின்னுதான வளந்த? இப்ப அவளுக்கு ஒண்ணுன்னதும் படுத்துக்குவியா, நன்றி கெட்ட வம்சமே!”

அவர் மூச்சு வாங்குவதற்குள் தண்டிலிருந்து கூரை வரை பூத்தது. ரம்பத்தின் மரப்பிடி பூத்தது. ஆட்டோக்காரர் பல் விளக்கியபடி வந்து பார்த்துவிட்டு, இரட்டை நிறம் என்று வீட்டுக்குள் சொல்லப் போனார். மேஸ்திரியம்மா ரம்பத்தைக் கீழே போட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் திட்டு வாங்கிய முகத்தோடு உள்ளே போய், ஈ மொய்த்ததைக் கொட்டிவிட்டு, புதிதாகச் சமைத்து இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அவர் குரல் பிறகும் வரவில்லை. காலை ஏழு மணிக்கு நூலகர் திட்டுவார். கடிதம் கொண்டுவருபவர் அது முடியும்வரை வாசலில் நின்று கேட்டு, நன்றாக இருந்தால் தலையாட்டிவிட்டுப் போவார். ஒரு தடவை மட்டும் சளி பிடித்து நூலகர் இரண்டு நாள் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். மூன்றாம் நாள் ஏழே காலுக்கு மேஸ்திரியம்மா வந்து போர்வையை இழுத்து, அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, வாடத் தொடங்கியிருந்த கொடியைக் காட்டினார். நூலகர் கரகரத்த தொண்டையில் அதைத் திட்டி முடித்துவிட்டுத் திரும்பினார். மேஸ்திரியம்மா நகரவில்லை. இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் தன்னைக் காட்டினார்.