வால்நட் போடாத சாசேஜ்

எங்கள் வீட்டு சாக்லேட் சாசேஜில் வால்நட் கிடையாது. இந்தச் சிஸ்ரான் ஊர் முழுக்கப் போடுகிறார்கள், போட்டுக்கொள்ளட்டும். என் மகள் உல்யானாவுக்கு அது தொண்டையை அடைத்துவிடும். ஐந்து வயதில் பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் ஒரு வாய் தின்றுவிட்டு, உதடு வீங்கி, நீலம் பாரித்துப் போனாள். அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பனியில் ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் என் கணவன் ரொதியோன்தான். அந்த ஓட்டத்துக்காகவே அவனுடைய எத்தனையோ பொய்களைப் பொறுத்துப் போயிருக்கிறேன்.

நான்கு வருஷமாக அவனுக்கு வடக்கே எரிவாயு வயலில் வேலை. இரண்டு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. இந்த முறை வந்தால் திரும்பிப் போவதில்லை என்று போனில் சொல்லியிருந்தான். நானும் சும்மா இருக்கவில்லை. ரயில் பணிமனை மேஸ்திரியைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவனுக்கு எலக்ட்ரீஷியன் வேலை பேசி வைத்திருந்தேன். திங்கட்கிழமை இவன் நேரில் போய் நின்றால் போதும்.

அவன் வருகிற சனிக்கிழமை காலையிலேயே நானும் உல்யானாவும் பிஸ்கட் உடைக்க உட்கார்ந்துவிட்டோம். பாதியைப் பொடியாக்க வேண்டும், பாதியைத் துண்டாகவே விட வேண்டும். வெட்டும்போது அந்தத் துண்டுகள்தான் கொழுப்பு மாதிரி வெளுப்பாகத் தெரியும். பெயர்தான் சாசேஜ், இறைச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உருக்கிய வெண்ணெய், டப்பாவில் வரும் கெட்டிப் பால், கொக்கோ எல்லாம் விட்டுப் பிசைந்து, நீளமாக உருட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பால்கனிக் குளிரில் வைத்தோம். அப்பா இனிமேல் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வருவாரா என்று கரண்டியை நக்கிக்கொண்டே நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் வருவார் என்றேன்.

மத்தியானம் வந்தான். குளித்தான், சூப் குடித்தான், தேநீருக்கு உட்கார்ந்தான். சாசேஜை நானே வெட்டுகிறேன் என்று கத்தியை வாங்கிக்கொண்டான். தாளைப் பிரித்ததும், நூல் கட்டவில்லையா என்று கேட்டான். சர்க்கரைப் பொடியில் புரட்டி நூல் கட்டினால் அசல் சாசேஜ் மாதிரியே இருக்குமாம். எங்கேயோ பார்த்திருப்பான் என்று விட்டுவிட்டேன். ஒரு துண்டைக் கடித்து மென்றான்.

"தாஸ்யா, இந்தத் தடவை வால்நட் போட மறந்துட்டியா?"

உப்பு குறைகிறது என்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டான். எனக்கு அந்த 'இந்தத் தடவை'தான் உறைத்தது. எந்தத் தடவை போட்டேன் நான்?

உல்யானா சிரித்துவிட்டாள். "அப்பா, எனக்குத்தான் வால்நட் ஆகாதே. நீதானே என்னைத் தூக்கிட்டு ஓடினே."

அவன் முகம் காது மடல்வரை சிவந்தது. அங்கே கேன்டீனில் போடுவார்கள், அந்த ஞாபகம் என்றான்.

"கேன்டீன்ல ஆளாளுக்கு நூல் கட்டியா குடுக்கறாங்க?" என்றேன்.

அவன் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான், அதில் சர்க்கரைகூடப் போடவில்லை. அங்கே அவனுக்கு அதைச் செய்து போடுகிறவளின் பெயரை நான் கேட்கவில்லை. ஒருத்தி இருக்கிறாள் என்பதையாவது அழுது தீர்த்துவிடலாம். பெற்ற பிள்ளையின் தொண்டையை மறக்கிற அளவுக்கு அந்த வீட்டு ருசி நாக்கில் ஏறிவிட்டதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை பணிமனைக்குப் போவாயா என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றான் தட்டைப் பார்த்தபடி.

உல்யானா கடித்த துண்டைக் கீழே வைத்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பாவுக்குப் பிடிச்ச மாதிரி வால்நட் போட்டே செய்மா. நான் தின்னாம இருந்துக்கறேன். அப்பா போக வேண்டாம்."

அவன் கையால் முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு இரக்கம் வரவில்லை. அவன் தட்டிலிருந்த துண்டையும் எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

"இந்த வீட்டுல வால்நட் வராது, உல்யா. நீ தின்னு."

பிறகு அவனிடம், பை வாசலில்தான் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை என்றேன்.