எதற்காக அடித்த மணி

வானத்தைத் திருப்பி அனுப்ப ஹ்ரூஷ்னா ஊரில் வீட்டுக்கு ஒரு கோதுமைக் கட்டு கூலி. ஆலங்கட்டியைச் சுமந்துகொண்டு மேகம் வந்தால் மணிக்காரன் வாவ்ரா தேவாலய மணியை அடிப்பான். மேகம் மிரண்டு வேறு பக்கம் போகும். அறுவடை முடிந்ததும் வீடு வீடாக வந்து கட்டை வாங்கிக்கொள்வான். மேகம் மிரளாத வருஷமும் கட்டு உண்டு. "அடிக்காம இருந்திருந்தா இதவிட மோசமா கொட்டியிருக்கும்" என்பான். சரக்கு வந்தாலும் வராவிட்டாலும் விலை கிடைக்கிற இப்படி ஒரு வியாபாரத்தை மொராவியா முழுக்கத் தேடினாலும் காண முடியாது என்று ஊர்த்தலைவர் மாதோஷுக்கு உள்ளூரப் பொறாமை.

அந்த வியாபாரத்தில்தான் பேரரசர் கைவைத்தார். இடிமழைக்கு மணி அடிக்கக் கூடாது, அது மூடநம்பிக்கை, மணிக்கூண்டில் இடி விழுந்து மணியடிப்பவர்கள்தான் செத்துப்போகிறார்கள், மீறினால் ஊர்த்தலைவரின் பதவி பறிபோகும் என்று வியன்னாவிலிருந்து ஆணை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதை ஊராருக்கு வாசித்துக் காட்டியவர் மாதோஷ்தான். பதவி போனால் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மதுக்கடை உரிமையும் போகும். வாசிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் அவர் குரல் இறங்கிவிட்டது.

அன்று மாலை கடையில் அதே பேச்சு.

"பண்ணையாரக் கேக்காம கல்யாணம் பண்ணலாம், ஊரவிட்டு எங்க வேணா போலாம்னு இந்தப் பேரரசருதான தலைவரே சொன்னாரு? எங்க வேணா போலாம்னா, மணிக்கூண்டுக்குப் போகக்கூடாதா?"

"அவசரப்படாத. சவப்பெட்டி வேணாம், சாக்குல தெச்சுப் பொதைங்கன்னாரு. அப்புறம் சரி, பெட்டியிலயே பொதைங்கன்னாரு. நடுவுல செத்த எங்க மாமனார் மட்டும் சாக்குல கெடக்காரு. பொறுத்திருந்தா மணியும் திரும்பி வரும்."

"நாம பொறுப்போம். மேகம் பொறுக்குமா?"

மாதோஷ் கோப்பைகளைத் துடைத்தபடி இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினார். பேரரசர் நல்லவர். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. நல்லவர் ஏன் தன் திராட்சைத் தோட்டத்தைக் குறிவைக்க வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை.

மேகம் பொறுக்கவில்லை. திராட்சையில் சாறு ஏறியிருந்த ஒரு மதியம், விளிம்பில் மஞ்சளும் பச்சையுமாகத் தெற்கே எழுந்து வந்தது. அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஊரில் பால்குடி மறந்த எல்லோருக்கும் தெரியும். தேவாலய வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மணிக்கூண்டுச் சாவி மாதோஷின் இடுப்பில்.

"சாவியக் குடுங்க" என்றாள் அவர் மனைவி அப்போலேனா.

"குடுத்தா கடை போயிடும்."

"குடுக்காட்டி கடையில ஊத்த ஒண்ணும் இருக்காது."

மாதோஷ் மேகத்தைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். அப்போதுதான் அதே பேரரசரின் இன்னொரு ஆணை நினைவுக்கு வந்தது. ஊரில் தீப்பிடித்தால் உடனே மணி அடித்தாக வேண்டும். தாமதித்தால் தலைவருக்கு அபராதம். சத்தம் கேட்டதும் பக்கத்து ஊர் ஆண்கள் வாளியோடு ஓடிவர வேண்டும். சாவியை வாவ்ராவின் கையில் திணித்துவிட்டு, தன் வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் போனார். போகும்போது புகைக்குழாயைப் பற்றவைத்திருந்தார். வரும்போது அது கையில் இல்லை.

"தலைவரே, உங்க கொட்டகை எரியுது" என்றான் வாவ்ரா.

"தெரியுது. போய் அடி."

"எந்த அடி? தீக்குன்னா விட்டு விட்டு அடிக்கணும். மேகத்துக்குன்னா நீட்டி அடிக்கணும்."

"தீக்குதான்டா அடிக்கணும்." தலைக்கு மேலே வானம் உறுமியது. "இடையில கொஞ்சம் நீட்டியும் அடி."

வாவ்ரா அப்படியே அடித்தான். பாதிப்பேர் வாளியோடு கொட்டகைக்கு ஓடினார்கள். பாதிப்பேர் தோட்டத்தில் முழங்காலிட்டார்கள். பக்கத்து ஊரான லிப்கோவிலிருந்து அதன் தலைவர் ஷிமோன், சட்டப்படி ஆட்களைத் திரட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். எல்லோருமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மேகம் சற்று நின்று, யோசிப்பதுபோல் திரும்பி, நேராக லிப்கோவுக்குப் போய் அங்கே கொட்டித் தீர்த்தது.

ஷிமோன் கையில் காலி வாளியோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யோவ் மாதோஷ், உன் தீய அணைக்க எங்களக் கூப்ட்டுட்டு, உன் மேகத்த எங்க வீட்டுக்கு அனுப்பிட்டியேய்யா."

ஷிமோன் தொடுத்த வழக்கை விசாரிக்க மாவட்ட ஆணையர் வந்து மதுக்கடையிலேயே உட்கார்ந்தார். புதுப் படிப்புப் படித்த இளைஞர்.

"மணிக்கு மேகத்த நகர்த்துற சக்தி கிடையாது. அதனால லிப்கோவுக்கு நஷ்டஈடு கெடையாது" என்றார்.

"சக்தி இல்லாத மணிய அடிக்க ஏங்கய்யா தடை?" என்றார் ஷிமோன்.

"அடிச்சா இடி விழும்." ஆணையர் திரும்பினார். "மணி அடிச்சவன் யாரு?"

"நாந்தாங்க."

"உனக்கு ஒண்ணும் ஆகலயா?"

"இல்லீங்கய்யா" என்றான் வாவ்ரா, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

ஆணையர் முகம் சுளித்தார். "சரி, தீ எப்படிப் பிடிச்சுது?"

"இடி விழுந்துதுங்க" என்றார் மாதோஷ்.

"மணி அடிச்சதுக்கு அப்புறமா?"

"முன்னாடிங்க. அதுக்காகத்தான அடிச்சதே."

ஆணையரின் பேனா நின்றுவிட்டது. மணி அடிக்காத இடத்தில் இடி விழுந்திருக்கிறது, அடித்த இடத்தில் விழவில்லை. இதை எழுதி அனுப்பினால் வியன்னாவில் என்ன கேட்பார்கள் என்று அவர் யோசித்தது எல்லோருக்கும் தெரிந்தது. கடைசியில் 'தீ. விதிப்படி மணி அடிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினார். ஆலங்கட்டியைத் தடுக்க மணிக்குச் சக்தி இல்லை என்று இன்னொரு தாளில் எழுதி, மாதோஷைக் கையெழுத்துப் போடச் சொன்னார். சுற்றி நின்று அத்தனை பேரும் பார்க்க மாதோஷ் போட்டார். போடும்போது அது பொய்யா மெய்யா என்று அவருக்கே தெரியவில்லை. மேகம் திரும்பியதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

அறுவடை முடிந்து வாவ்ரா அவர் வாசலுக்கு வந்தான். முதல் வீடு தலைவர் வீடு. அவர் செய்வதைப் பார்த்துத்தான் ஊர் செய்யும். எதிர்த் தெருவில் தலைகள் எட்டிப் பார்த்தன. உள்ளே கடை மேசை முன்னால் ஷிமோன். அன்றிலிருந்து தினமும் வந்து, ஒன்றும் கேட்காமல் மாதோஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தீக்கு அடிச்சா கட்டு கெடையாது. மேகத்துக்கு அடிச்சா ஒரு கட்டு. நான் எதுக்கு அடிச்சேன்னு நீங்கதான் சொல்லணும் தலைவரே."

கொடுத்தால் போட்ட கையெழுத்து பொய். ஷிமோன் ஊரின் விளைச்சல் நஷ்டம் முழுக்கத் தன் தலையில். கொடுக்காவிட்டால் அடுத்த மேகத்துக்கு வாவ்ரா கயிற்றைத் தொடமாட்டான். மாதோஷ் ஒரு கட்டைப் பிரித்து, பாதியைத் திரும்பக் கட்டி நீட்டினார்.

"என்ன தலைவரே, பாதி?"

"நீட்டி அடிச்சதுக்கு."

ஷிமோன் கோப்பையைக் கீழே வைத்தார்.

தோட்டம் மிச்சம். கடை மிச்சம். கொட்டகை சாம்பல். வாவ்ராவுக்கு அரைக்கட்டு பாக்கி. லிப்கோவுக்கு எவ்வளவு பாக்கி என்பது வியன்னாவிலிருந்து அடுத்த ஆணை வந்தால்தான் தெரியும்.