அச்சிட்டால் சாகாத பெட்டி

மேசைமேல் இருந்த லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பெட்டி மறுபடியும் செத்தது. சாகும்போது தன் ரெஜிஸ்டர்களில் இருந்ததையெல்லாம் திரையில் கொட்டிவிட்டுப் போனது. ரெஜிஸ்டர் என்றால் வேறொன்றுமில்லை, ப்ராசஸரின் சட்டைப்பைகள். அந்த நொடிக்கு வேண்டியதை அதில்தான் செருகி வைத்திருக்கும். பெட்டியை உள்ளிருந்து ஓட்டும் கர்னல் என்ற நிரல் விழுந்தால் செத்தவன் பையைத் துழாவுவதுதான் அவள் பிழைப்பு. லிஃப்ட் நிற்கும் மாடியின் எண் இருக்க வேண்டிய பையில் வேறு எதனுடைய எண்ணோ இருந்தது. லிஃப்ட் ஓரிடத்தில் நிற்க, வேறொரு மாடியின் வெளிக்கதவைத் திறக்கச் சொல்லிவிட்டுத்தான் பெட்டி கண்ணை மூடியிருக்கிறது. நிஜக் கட்டிடமாக இருந்தால் அந்தக் கதவுக்கு அப்பால் வெறும் குழி.

எண்ணை மாற்றிய கையைப் பிடிக்க, அடிக்கொரு தரம் ரெஜிஸ்டர்களைத் திரையில் அச்சிடும்படி நிரலில் நாலு வரி சேர்த்தாள். அதன்பின் பெட்டி சாகவே இல்லை. ஒரு வாரம் விடாமல் ஓடியது. அவள் அதை நம்பவில்லை. திருடன் ஊரைவிட்டுப் போகவில்லை; அச்சிடுவதில் வேலை கொஞ்சம் தாமதமாகிறது, அந்தத் தாமதத்தில் அவன் கை பைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

கம்பெனி சித்தப்பாவுடையது. துணி, இரும்பு, பழைய ஜெனரேட்டர் என்று எல்லாம் விற்றுப் பார்த்துவிட்டு லிஃப்டுக்கு வந்தவர். ஓட்டைக் குடத்தையும் காற்றோட்டமான குடம் என்று தலையில் கட்டிவிடுவார்.

"அதான் சரியாயிடுச்சுல்ல? அப்புறம் என்னம்மா, இழவு வீட்டு மூஞ்சி?"

"சரியாகலை சித்தப்பா. பதுங்கியிருக்கு. அந்த பிரிண்ட்டை எடுத்தா திரும்ப வரும்."

"எடுக்காதே! யாரு எடுக்கச் சொன்னா? ஓடுற மாட்டைப் போய் பல்லைப் பிடிச்சுப் பாக்குறியே."

"பத்து நாள் குடுங்க."

"பத்து நாள்ல வாங்குறவர் பேரப்பிள்ளையே எடுத்துடுவார். நம்ம கட்டிடத்து லிஃப்ட்லயே மாட்டு. ஏத்திக் காட்டிடுவோம்."

மாட்டினாள். யாரும் பிரிண்ட்டைத் தொடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் மாட்டினாள்.

வாங்குபவர் வந்த அன்று, சாப்பிட்டுவிட்டுத் தரைத்தளத்து அறைக்குள் நுழைந்தபோது மேசை காலியாக இருந்தது; பெட்டியோடு இணைத்திருந்த அவள் லேப்டாப்பைக் காணோம். எலக்ட்ரீஷியன் மட்டும் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"லேப்டாப் எங்கண்ணே?"

"முதலாளி மேல கொண்டுபோனாரும்மா, வந்தவருக்குப் படம் காட்ட. அந்த எழுத்து ஓடுறதையும் என்னை நிறுத்தச் சொல்லிட்டாரு. கடகடன்னு ஓடுனா பாக்குறவன் கோளாறுன்னு நினைப்பானாம்."

"நிறுத்திட்டீங்களா?"

"அப்பவே."

போன் அடித்தாள். பேரம் பேசும்போது சித்தப்பா எந்தப் போனையும் எடுத்ததில்லை. லிஃப்டை நிறுத்தும் மெயின் சுவிட்ச் மொட்டைமாடியில். படிகளில் ஓடினாள்.

மூன்றாவது மாடியில் கதவின் ஒடுக்கமான கண்ணாடிக்கு அப்பால் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தாள். லிஃப்ட் அங்கேதான் நின்றிருந்தது, துடைத்து வைத்தாற்போல், ஆளில்லாமல்.

ஐந்தாவது மாடியில் மணி அடித்தது. கதவு விலகும் ஓசை சாவகாசமாக இறங்கி வந்தது. கத்த வாயைத் திறந்தாள். படியேறிய இளைப்பில் வெறும் மூச்சுதான் வந்தது.

"அட, முதல்ல நீங்க ஏறுங்கண்ணே," என்றது மேலிருந்து சித்தப்பாவின் குரல், வியாபாரம் படிந்தவரின் குழைவோடு.

கண்ணாடிக்குப் பின்னால் லிஃப்ட் அசையாமல் நின்றது. அதன் கூரைமேல் எங்கிருந்தோ கொஞ்சம் புழுதி உதிர்ந்தது.