ரியாத்தில் வானம் சுத்தம்

உலக மக்களுக்கும், குறிப்பாகத் திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவில் மாலை வேளையில் டீ குடிக்கும் பெருமக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ரியாத்தில் இன்று இருபத்தொன்பது டிகிரி. காற்று வடக்கேயிருந்து. வானம் சுத்தம்.

அறிவித்தவர் மீரா சாகிப். சவுதியில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்துவிட்டு வந்தவர். அரசாங்கம் அவரை வானிலை அதிகாரியாக நியமிக்கவில்லை. அரசாங்கம் செய்யாமல் விட்ட எத்தனையோ நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்பது அவருடைய பணிவான அபிப்பிராயம். தினம் ஐந்தேகால் மணிக்கு வந்து பெஞ்சின் நடுவில் உட்காருவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். பட்டினம், நெடுங்காடு, ரியாத் என்று மூன்று ஊர் வானிலையையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லுவார்.

"பட்டினத்து வெயில் கடல்காத்தோட வர்றது, ஒடம்புல ஒட்டும். நெடுங்காட்டு வெயில் உள்நாட்டு வெயில், நேரா மண்டையில எறங்கும். ரியாத் வெயில் இருக்கே, அது ராஜ வெயில். வேர்க்குறதுக்குள்ள காஞ்சிரும்."

"கருவாடு போட ஏத்த ஊரு போல பாய்" என்பார் கோவிந்தராசு. ஐஸ்பெட்டி கட்டிய டூவீலரில் தினமும் வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காரைக்காலுக்கு மீன் கொண்டுபோகிறவர்.

"கடலே இல்லாத ஊருல கருவாட்டுக்கு எங்கய்யா போவ? பேச வந்துட்டான்."

நெடுங்காட்டில் பெய்யும் மழை பயிருக்கு நல்லதா கெட்டதா என்பதையும், அங்கே ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத அவரே முடிவு செய்வார். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மற்ற ஊர்களைப் பற்றிப் போனைப் பார்த்துச் சொல்லுவார். ரியாத்துக்கு மட்டும் தனி நிருபர் உண்டு. மகள் ரிஃபானா. கட்டிக்கொடுத்து ஐந்து வருஷம். மாப்பிள்ளைக்கு அங்கே பெரிய கம்பெனியில் வேலை. எவ்வளவு பெரிய கம்பெனி என்பதைக் கல்யாணப் பேச்சு நடந்தபோதே கடைத்தெரு முழுக்க மனப்பாடம் செய்துவிட்டது. தினம் ஐந்து மணிக்கு அவள் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாள். சலாம், வெயில், காற்று, சலாம். அவ்வளவுதான். இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகாது.

முன்பு அப்படி இல்லை. அவள் வளவளவென்று பேசுகிற பெண். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம் கூப்பிட்டு, "வாப்பா, எனக்கு இங்க முடியல. அவரு அடிக்கிறாரு" என்றாள்.

மீரா சாகிப் சுவரைப் பார்த்தார். இந்த மாதிரி விஷயங்களை அவர் மனைவி கமர் நிஷாதான் பேசுவாள். அவள் மவுத்தாகி அடக்கம் செய்து அப்போது ஒரு வருஷம். கடைசியில் அவர், "அங்க இப்ப வெயில் எப்படிம்மா?" என்று கேட்டார்.

"நாப்பத்தஞ்சு."

"அதான் பாரு. வெயில் கூடுனா ஆம்பளைங்களுக்குக் கோவம் வரத்தான் செய்யும். கொஞ்சம் பொறுத்துக்கம்மா. மழைக்காலம் வந்தா சரியாப் போயிரும்."

"வாப்பா, இங்க மழைக்காலமே கெடையாது."

பல தேசத்துப் பருவங்களைக் கரைத்துக் குடித்தவர், "தண்ணி நெறையக் குடி" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கும் டீக்கடைக்குப் போனார். ரியாத்தில் நாற்பத்தைந்து என்று அறிவித்தார். எல்லாரும் அடேயப்பா என்றார்கள்.

அதற்குப் பிறகு ரிஃபானா அவரிடம் வெயிலைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

இந்த ஐப்பசிக் கடைசியில் மூன்று நாளாக விடாத மழை. நாகப்பட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் ஒரே மேகம்; மேகத்துக்கு யூனியன் பிரதேச எல்லை தெரியாது. ஐந்து மணிக்குப் போன் வந்தது.

"இருபத்தொம்பது வாப்பா. வானம் சுத்தமா இருக்கு."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, போனுக்குள் ஓர் இடி இடித்தது. நீளமாக, இழுத்து இழுத்து உருண்டது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, அதே இடி, அதே இழுப்போடு, வடக்கேயிருந்து வந்து அவர் தலைக்கு மேல் உருண்டு ஓய்ந்தது.

"என்னம்மா சத்தம்?"

"பக்கத்துல கட்டட வேலை நடக்குது வாப்பா. வச்சிரவா?"

அன்றும் அவர் அறிவிப்பைச் செய்தார். குரல் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்க இருந்தது. பெஞ்சு காலியானதும் கோவிந்தராசைக் கூப்பிட்டார்.

"ஏய்யா, ரியாத்துல இடிக்கிற இடி பட்டினம் வந்து சேர எவ்வளவு நேரமாவும்?"

கோவிந்தராசு தம்ளரைக் கீழே வைத்தார். நக்கல் செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு வாய்க்காது. ஆனால் செய்யவில்லை.

"பாய், ரிஃபானா பாப்பா காரைக்கால்லதான் இருக்கு."

மீரா சாகிப் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"நாலு மாசமாச்சு. தானா டிக்கெட்டப் போட்டுக்கிட்டு வந்துருச்சு. தலாக் ஆயிருச்சாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு துணிக்கடையில பில்லு போடுது. மாடியில ரூம் எடுத்திருக்கு. நாந்தான் வாரத்துக்கு ரெண்டு தடவ மீன் குடுத்துட்டு வர்றேன். வெலயும் குடுத்துருது, வேணாம்னா கேக்காது."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"இந்தப் பெஞ்சுல ஒக்கார்ற எல்லாருக்கும்."

"அப்ப நான் தெனம் சொல்லிக்கிட்டிருந்தது?"

"கேட்டுக்கிட்டுதான இருந்தோம்."

"ஏன்யா?"

"வேற என்ன செய்யிறது? பாப்பா சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிச்சு. வாப்பா கடைத்தெருவுல தல நிமுந்து ஒக்காந்திருக்காரு, அப்படியே இருக்கட்டும்னுச்சு." கோவிந்தராசு லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்களும் நல்லாத்தான் சொல்லுவீங்க பாய்."

மறுநாள் நாலு மணிக்கே மீரா சாகிப் பஸ் ஏறினார். வழியெல்லாம் இரண்டே வார்த்தையை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். 'வீட்டுக்கு வாம்மா.' இருபத்திரண்டு வருஷம் அரபிக்காரர்களிடம் அரபியும் மலையாளிகளிடம் மலையாளமும் பேசியவருக்கு அந்த இரண்டு வார்த்தை மட்டும் வாய்க்குள் புரளவில்லை.

துணிக்கடைக்கு எதிரே, சாத்தியிருந்த ஒரு மருந்துக்கடையின் ஷட்டரை ஒட்டி நின்றார். மழை ரோட்டை நிரப்பிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது ரிஃபானா பக்கத்துச் சந்தில் வந்து குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். போனை எடுத்து எதையோ தேடினாள். உதடு அசைந்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளை வாசலில் நின்று கடைசியாக ஒருமுறை பாடத்தைச் சொல்லிப் பார்க்கிற மாதிரி இருந்தது. மனப்பாடம் ஆனதும் போனைக் காதில் வைத்தாள்.

மீரா சாகிப்பின் சட்டைப் பையில் மணி அடித்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா. இன்னிக்கி இருபத்தேழு. காத்து கம்மி. வானம் சுத்தமா இருக்கு."

குடையின் ஒரு கம்பி உடைந்திருந்தது. அந்தப் பக்கமாகத் தண்ணீர் அவள் தோளில் வடிந்தது. பதினைந்தடி தூரம். ரோட்டைத் தாண்டினால் போதும்.

"இங்க மழைம்மா" என்றார்.

"நனையாம இருங்க வாப்பா."

"நீயும்மா."

குடை அசையாமல் நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் எதிரே ஷட்டரோடு ஒட்டி நிற்கும் கிழவரைப் பார்த்திருப்பாள்.

"எனக்கு இங்க ஏது வாப்பா மழை?" என்றாள். "கடைக்கு நேரமாச்சுல்ல உங்களுக்கு. எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க. போங்க."

போனை வைத்தபின் முக்காட்டு முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் போனாள். அவர் இன்னும் கால் மணி நேரம் நின்றார். ஒரு ஆட்டோக்காரர் வந்து எங்கே போகணும் பாய் என்று கேட்டார். கையை மட்டும் அசைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

பட்டினத்தில் இறங்கி, டீக்கடைப் பக்கம் திரும்பாமல், சட்டை உடம்போடு ஒட்ட வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தார். ஆறு அறை. ஐந்து பூட்டிக் கிடக்கிறது. அவருடைய குடும்பத்தில் பையனுக்கு வீடு கொடுக்கிற பழக்கம் கிடையாது. பெண்ணுக்குத்தான், அதுவும் நிக்காஹ்வுக்கு முன்பே பத்திரம் பதிந்துவிடுவார்கள்.

வீடு ரிஃபானாவுடையது.