இன்னும் எழுபத்தெட்டு

அந்தத் துறைமுகத்தில் முளை அடிக்கும் மேஸ்திரியிடம் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது, பொறுமை என்கிற ஒன்றைத் தவிர. ஆள் குள்ளம். குரல் மட்டும் நங்கூரம் தூக்குகிறவனையே நின்று திரும்பிப் பார்க்க வைக்கும். கப்பல்துறையை நீட்டும் வேலை அவள் பொறுப்பில் இருந்தது. முளை என்றால் மூன்று ஆள் நீளத்துக்குக் கூர் சீவிய மரத்தடி. பன்னிரண்டு பெண்கள் கயிற்றை இழுக்க, இரும்புக்குண்டு கப்பியில் மேலே ஏறும். மேஸ்திரி கையைக் கீழே போட்டால் குண்டு முளையின் தலையில் இறங்கும். குழிக்குள் நின்று முளையின் அடியை நேராகப் பிடிக்கிற வேலை அவள் புருஷனுக்கு. என் தலைமேல் தினமும் இடியைப் போடுவதே என் பெண்டாட்டிதான் என்று கண்டவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வான் மனுஷன்.

அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் இன்னொரு ஊர் தட்டுப்படும். கிடங்குச் சுவர்களில் பாதி பழங்காலத்துத் தூண்கள். துணி துவைக்கிற கல்லைப் புரட்டினால் அடியில் ஒரு கல்முகம் சிரிக்கும். கீழே புதைந்துபோன அந்த ஊரில் பிறந்தவர் ஒருவர் இன்னும் மேலே உட்கார்ந்து ஆண்டுகொண்டிருந்தார். பழையவர் என்பார்கள். செத்து எத்தனை நூறு வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். மூச்சு கிடையாது, தூக்கம் கிடையாது, கண் இமைக்காது. குன்றின் உச்சியில் பாறைத் தரையில் வெறுங்காலை ஊன்றி உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்து நின்று பார்த்தவர் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

முளை அடிக்கிறவர்களுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. முதலில் குண்டால் மூன்று முறை மெல்லத் தட்ட வேண்டும். பிறகு நூறு எண்ண வேண்டும். அதற்குள் குன்றின் மேல் மணி அடித்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். மேஸ்திரியின் காலத்தில் ஒரு தடவைகூட மணி அடித்ததில்லை. அவள் அம்மா காலத்திலும் இல்லையாம். அப்புறம் யாருக்குத்தான் எண்ணப் பிடிக்கும்?

அன்றைக்குக் கடல் ஏறுவதற்குள் இன்னும் ஒரு முளை பாக்கி. எண்ணுகிற பொறுப்பு மேஸ்திரியின் நாத்தனாருக்கு, அதாவது புருஷனின் அக்காவுக்கு. அந்த அம்மாள் அவசரமே தெரியாத பிறவி. மூன்று தட்டு தட்டியாயிற்று. அவள் ஆற அமர இருபத்திரண்டு வரை வந்திருந்தாள்.

"போதும் அண்ணி," என்றாள் மேஸ்திரி.

"இன்னும் எழுபத்தெட்டு இருக்கு."

"அங்க அவரு என்ன, நம்ம கூடச் சேந்து எண்ணிக்கிட்டா இருக்காரு?"

கையைக் கீழே போட்டாள்.

முளை ஒரே அடியில் முழுசாகக் காணாமல் போனது. அடுத்த நொடி குழியின் தரை உள்வாங்கியது. அவள் புருஷன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவ்வளவுதான், அவனும் போனான். கல்லும் சேறும் சரிந்து குழியை மூடிக்கொண்டன. அதற்குப் பிறகுதான் குன்றின் மேல் மணி அடிக்க ஆரம்பித்தது.

மேஸ்திரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேலிருந்து தோண்டலாமா? தோண்டினால் மிச்சத் தரையும் அவன்மேல்தான் விழும். சும்மா இருக்கலாமா? கடல் ஏறினால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும். அடியில் இருப்பது என்னவென்று தெரிந்தவர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவருடைய சட்டத்தைத்தான் இப்போது மிதித்திருக்கிறாள். தண்டனை கிடைத்தால் கிடைக்கட்டும் என்று குன்றைப் பார்த்து ஓடினாள்.

பாதி வழிகூடப் போகவில்லை. கயிற்றுக் கடைத் தெருவில் ஜனங்கள் இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். தராசில் வைத்தது வைத்தபடி, தூக்கிய மூட்டை தூக்கியபடி. நட்டநடுத் தெருவில், நல்ல வெயிலில், பழையவர் நடந்து வந்துகொண்டிருந்தார். உலர்ந்த மரம் மாதிரி நெடுநெடுவென்று ஓர் உருவம். காலடியில் சத்தமே இல்லை. பல வருஷம் திறக்காத அலமாரியின் வாசனை அவருக்கு முன்னால் வந்தது. மேஸ்திரியின் உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. பயம் என்றுதான் நினைத்தாள். ஆனால் பயந்தவளுக்குக் கண்ணை எடுக்க முடியாமல் ஏன் போகவேண்டும்?

காலில் விழப்போனவளை அவர் விழவிடவில்லை.

"தட்டினே. நூறு எண்ணலை," என்றார். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல்.

"எண்ணலைங்க. என் புருஷன் உள்ள இருக்காரு."

"உயிரோடதான் இருக்கான். விடாம தட்டிக்கிட்டு இருக்கான். என் கால்ல கேக்குது."

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நாளும் அந்த மூன்று தட்டுக்கும் ஒரு காது இருந்திருக்கிறது!

அவன் விழுந்திருப்பது ஒரு வீட்டின் மாடி, வாசல் கடலுக்கு அடியில் இருக்கிறது என்று நடந்துகொண்டே சொன்னார். தாம் வாசல் வழியாகப் போய்க் கூரையைத் தாங்கிக்கொள்வதாகவும், தாம் தட்டுகிற இடத்தை மட்டும் அவள் உடைக்க வேண்டும் என்றும் சொன்னார். துறைப் படிகளில் இறங்கினார். முழங்கால், இடுப்பு, தோள் என்று தண்ணீர் ஏறியது. நடை மாறவேயில்லை. தலையும் மறைந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை.

காத்திருப்பது என்றால் என்னவென்று மேஸ்திரி அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். கல்மேல் காதை வைத்துக் குப்புறப் படுத்துக் கிடந்தாள். கடல் படி படியாக ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் காதுக்கு நேர் கீழே மூன்று தட்டு கேட்டது.

குண்டைத் தொடவில்லை. தானே உளியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தாள். ஓட்டை விழுந்ததும் கயிற்றை விட்டார்கள். முழங்காலளவு நனைந்து, நெற்றி கிழிந்து, புருஷன் மேலே வந்தான். நாத்தனார் தம்பியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவன் பெண்டாட்டியைப் பார்த்து, "நூறு வரைக்கும் எண்ணலைதானே நீ?" என்றான். அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். பழையவர் கூரையைத் தோளில் தாங்கியபடி நின்றார். அவர் நகர்ந்தால் எல்லாம் அவர்மேலேயே சரியும். சாகமாட்டார், ஆனால் அப்படியே புதைந்து கிடப்பார். மேஸ்திரி யாரையும் கேட்கவில்லை. முட்டுக் கட்டைகளைக் கீழே விடச் சொல்லிவிட்டுத் தானும் இறங்கினாள்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒவ்வொரு கட்டையாக முட்டுக் கொடுத்தாள். அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள். ஒரு பிள்ளை வளர வளர, அவன் தலையை வைத்துக் கிழித்தவை. கடைசிக் கோடு பழையவரின் தோளுயரத்தில் இருந்தது.

"முட்டுக் கொடுத்தாச்சுங்க. தோளை எடுக்கலாம்," என்றாள்.

அவர் எடுத்தார். கூரை நின்றது. மேலே போகாமல் அந்தக் கோடுகளை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"எங்க வீடு," என்றார். "இத்தனை நாளும் மேலயிருந்து தட்டுனதைத்தான் கேட்டேன். இன்னைக்குத்தான் வீட்டுக்குள்ள இருந்து யாரோ தட்டினாங்க. உக்கார முடியலை."

வாங்க, மேலே போகலாம் என்று மேஸ்திரி கையை நீட்டினாள். ஊரே நடுங்கும் அந்த மனுஷர் அவளைத் தயங்கித் தயங்கிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேனே?"

"இருங்க," என்றாள்.

மேலே ஏறி வந்து ஓட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடல் ஏறுகிறதே, பாக்கி முளையை என்ன செய்வது என்று கயிற்றுப் பெண்கள் கேட்டார்கள். எல்லாரையும் உட்காரச் சொன்னாள். புருஷனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எண்ணுங்க அண்ணி," என்றாள்.

நாத்தனார் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஆற அமர இருபத்து மூன்றிலிருந்து ஆரம்பித்தாள்.