பன்னிரண்டாவது பாஸ்

பி.எஸ்சி. சர்டிபிகேட்டை சத்யப்ரியா வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். பையில் இருந்தது பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் மட்டும். இது கூட வந்திருந்த அப்பா தணிகாசலத்துக்குத் தெரியாது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் செய்கிற கம்பெனி ஒன்றுக்குப் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு. பன்னிரண்டாவது பாஸ் செய்திருந்தால் போதும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அதற்கு மேல் படித்திருந்தால் எடுக்க மாட்டார்கள் என்று போடவில்லை. கூடப் படித்த எஸ்தர் போன மாதம் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவமானப்பட்டுத் திரும்பிய பிறகுதான் அது தெரிந்தது. டிகிரிக்காரர்கள் நாலு நாள் நின்றுவிட்டு ஓடிவிடுகிறார்களாம்.

கல்லூரி முடித்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. சென்னையில் ஒரு கால் சென்டரில் உன்னைப் பற்றிச் சொல் என்று இங்கிலீஷில் கேட்டார்கள். பெயரையும் ஊரையும் சொன்னதோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளில் பி.எட். இருக்கிறதா என்றார்கள். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் அவளுக்கு முன்னால் பதிந்தவர்களுக்குத் தலை நரைத்துக்கொண்டிருந்தது. பட்டுக்கடையில்கூடக் கேட்டுப் பார்த்தாள். "புடவை மடிக்கறதுக்கு கணக்குல பட்டம் இன்னாத்துக்குமா?" என்று சிரித்தார் கடைக்காரர்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிப் படிக்க வைத்த மனுஷன். இடுப்பு விட்டுப்போய், இப்போது லோடு இறக்கிவிட்டு வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறார். வேறு லேசான வேலை பார்த்துக்கொள் என்று மேஸ்திரி முருகேசன் சொல்லியாகிவிட்டது. மில்லில் லேசான வேலை என்று ஒன்று எங்கே இருக்கிறது? அந்த ஆளிடம் போய், படிப்பை மறைத்தால்தான் வேலை என்று எந்த வாயால் சொல்வது?

மண்டபத்து வாசலில் நேற்றைய கல்யாணத்து வாழைமரம் வாடித் தொங்கியது.

"நீ வெளிய இரு நைனா. பொம்பளைங்கள மட்டும்தான் உள்ள வுடுவாங்க."

"நான் இன்னா பொண்ணு பாக்கவா வந்துக்கினு இருக்கேன்? இங்கதான் டீக்கடையில இருப்பேன். கேட்டா பட்டுனு பதில் சொல்லு. படிச்ச புள்ளையாட்டம்."

உள்ளே சுவரில் கோடு போட்டு உயரம் பார்த்தார்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். "ஜெயிலுக்கு அளவு எடுக்கறாங்கடி," என்று பின்னால் நின்ற பெண் கிசுகிசுத்தாள். பிறகு கடுகு மாதிரி ஸ்க்ரூக்களை இடுக்கியால் எடுத்து ஒரு தட்டின் குழிகளில் வைக்க வேண்டும். சத்யப்ரியா மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தாள்.

"கை நடுங்கல. நல்லா வருவே," என்றாள் மேசையில் இருந்த பெண். "கடைசி மேசைக்குப் போமா. சர்டிபிகேட் பாத்துட்டா முடிஞ்சுது. திங்கக்கிழமை வேன் வந்துடும்."

கடைசி மேசைக்கு எதிரே காத்திருக்க நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் கால் வலிப்பது தெரிந்தது. திங்கட்கிழமை. ஒரு மாதம் சம்பளம் வாங்கிவிட்டு அப்பாவை மில்லை விட்டு நிறுத்திவிடலாம். பிறகு மெதுவாக உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம்.

டை கட்டிய ஒருவர் வெளியிலிருந்து டீ குடித்த வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். காலையில் கூட்டத்தை வரிசைப்படுத்திய பிரேம்நாத். ஆள் எடுக்கிற பொறுப்பு அவருடையது.

"இங்க யாரு சத்யப்ரியா? வாலாஜாபாத்?"

எழுந்து நின்றாள்.

"பி.எஸ்சி. மேத்ஸா?"

அவள் கையிலிருந்த மார்க் ஷீட்டைப் பார்த்தாள்.

"உங்க அப்பா வெளிய டீ வாங்கிக் குடுத்தாருமா. வேணாம்னாலும் வுடல. எம் பொண்ணு பர்ஸ்ட் கிளாஸு, கொஞ்சம் பாத்து பண்ணுங்கன்னு கையப் புடிச்சிக்கினாரு." அவர் குரலில் கோபம் இல்லை. "டிகிரி படிச்சவங்கள எடுக்கக் கூடாதுன்னு எங்களுக்கு ஆர்டர். தெரியாம இருந்தா எடுத்திருப்பேன். இப்ப தெரிஞ்சு எப்டி எடுக்கறது? படிப்புக்கு ஏத்த வேலையா பாருமா."

"அதத்தான் சார் ஒரு வருசமா பாத்துக்கினு இருக்கேன்."

பிரேம்நாத் வேறு பக்கம் திரும்பி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே தணிகாசலம் சிரித்த முகமாக எழுந்து வந்தார். "பெரிய சார் கிட்டயே சொல்லி வச்சிட்டேன். சொன்னாரா?"

"சொன்னாரு."

"எப்ப சேரச் சொன்னாங்க?"

பஸ் ஸ்டாண்ட் வரை நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நடுவில் ஒரே ஒரு முறைதான் பேசினார். "படிச்சது குத்தமா?" துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தவர், அதைத் தோளில் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார்.

வாலாஜாபாத் பஸ்ஸில் முன் சீட்டில், அடுத்த தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பட்டம்மாள் இருந்தாள். திரும்பிப் பார்த்து, "இன்னாபா, அப்பனும் பொண்ணும் பட்டு எடுத்துக்கினு வரீங்களா?" என்றாள்.

"ஆமா, ஒரு மூட்டை," என்றார் தணிகாசலம். பட்டம்மாள் சத்யப்ரியாவின் மடியில் இருந்த சர்டிபிகேட் பையைப் பார்த்தாள்.

"வேலைக்கா போனீங்க? எங்கக்கா பொண்ணு வேலை செய்ற கம்பெனியில வியாழக்கிழமை ஆளு எடுக்கறாங்க. கார் ஒயர் பண்ற கம்பெனி. சொல்லி வுடறேன். பொண்ணு இன்னா படிச்சிருக்குது?"

சத்யப்ரியா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தக் கேள்விக்கு எப்போதும் கேட்டவர் முடிக்கும் முன்னே பதில் சொல்லிவிடுகிறவர்.

"பன்னண்டாவது."

"பாஸா?"

"பாஸுதான்."

பட்டம்மாள் நேரம், இடம் எல்லாம் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பஸ் ஊரைத் தாண்டி வயல்களுக்குள் போனது. தணிகாசலம் மகள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பன்னண்டாவது முடிச்சு நாலு வருசம் ஆச்சே, இன்னா பண்ணேன்னு கேப்பான் இல்ல?"

"கேப்பான். அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

"நல்லா இருக்கறவள ஏன் படுக்க வைக்கற? மில்லுல நெல்லு காய வச்சேன்னு சொல்லு. அதுக்கு எவனும் சர்டிபிகேட் கேக்க மாட்டான்."